பாதியில் நின்ற பந்தயக் கார்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்று நம் முன்னோர் கூறிச் சென்றனர். தொடங்குவது எளிது, முடிப்பது அரிது என்னும் உண்மையை இதைவிடச் சுருக்கமாகக் கூறல் இயலாது. இங்கிலாந்து நாட்டுப் பழங்கார் அன்பர்களைக் கேட்டால், இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள்: “பழைய பந்தயக் கார் ஒன்றை உன் கையாலேயே கட்டிப் பார்!”

அந்நாட்டில் பழைய கார்களைப் பேணுவோர் சங்கங்கள் பல உண்டு. அச்சங்கங்களின் இதழ்களில் விற்பனைப் பகுதியைப் புரட்டினால், ஒருவகை விளம்பரம் ஓயாது கண்ணில் படும். “முடிவுறாத பணி, விற்பனைக்கு” என்று அது தொடங்கும். “பாகங்கள் பெரும்பாலும் உள்ளன” என்று தொடரும். “நேரமின்மையால்”, “உடல்நலக் குறைவால்”, “வீடு மாறுவதால்” என்று ஏதேனும் ஒரு காரணத்தோடு முடியும். மூன்றே வரிகள்தாம். ஆயினும் அம்மூன்று வரிகளுக்குள் ஒரு மனிதரின் பல ஆண்டுக் கனவும், ஒரு குடும்பத்தின் சேமிப்பும், மனைவி மக்களின் பொறுமையும் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவ்விளம்பரத்தைச் சற்றே விரித்துப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறிய வண்டி, பெரிய வரலாறு

இவ்வாறு பாதியில் நின்று விற்பனைக்கு வரும் வண்டிகளுள் அடிக்கடி காணப்படுவது ‘ஆஸ்டின் செவன் அல்ஸ்டர்’ என்னும் பந்தயக் காரின் மறுபடியாகும். அதன் வரலாற்றை முதலில் அறிந்துகொள்வோம்.

முதல் உலகப் போருக்குப் பின்னர், பர்மிங்காம் நகரையடுத்த லாங்பிரிட்ஜில் இயங்கிவந்த ஆஸ்டின் நிறுவனம் கடும் நிதி நெருக்கடிக்கு உள்ளாயிற்று. பக்க வண்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் மனைவியையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லும் எளிய குடும்பத்தாருக்கு ஒரு சிறிய காரைச் செய்து தந்தால் என்ன என்று அதன் தலைவர் ஹெர்பர்ட் ஆஸ்டின் எண்ணினார். நிறுவனத்தின் இயக்குநர்கள் இணங்கவில்லை. அவரோ மனந்தளராமல், ஸ்டான்லி எட்ஜ் என்னும் 18 வயது வரைபடக்காரரைத் தம் இல்லத்திற்கே அழைத்து வந்து, பில்லியர்ட்ஸ் விளையாட்டறையில் அமர்த்தி வண்டியின் வரைபடங்களை உருவாக்கினார். 1922இல் வெளிவந்த அவ்வண்டியே ஆஸ்டின் செவன். 1939 வரை ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் செய்யப்பட்டன.

அதன் அமைப்பு மிக எளியது. ஆங்கில ‘ஏ’ எழுத்தின் வடிவில் அமைந்த எஃகுச் சட்டம்; 747 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின்; கம்பிச் சக்கரங்கள்; நான்கு சக்கரங்களுக்கும் பிரேக். தொடக்கக்கால வண்டியின் எடை ஏறத்தாழ 360 கிலோதான். ஓரளவு கைத்திறன் உள்ளவர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே அதைப் பிரித்துப் பூட்டலாம். இந்த எளிமையே அதனை நாடு கடக்கச் செய்தது. ஜெர்மனியில் ஐசனாக் நகரிலிருந்த டிக்ஸி தொழிற்சாலை அதை உரிமம் பெற்றுச் செய்துவந்தது. 1928இல் அத்தொழிற்சாலையை வாங்கிய பி.எம்.டபிள்யூ. நிறுவனம், கார் உற்பத்தியில் அடியெடுத்து வைத்தது இந்தச் சிறு வண்டியைக் கொண்டுதான். பிரான்சிலும் அமெரிக்காவிலும்கூட அது உரிமத்தின்பேரில் செய்யப்பட்டது.

குடும்ப வண்டியாகப் பிறந்த இது பந்தயக் களத்திலும் புகழ் ஈட்டியது. 1929இல் வட அயர்லாந்தின் ஆர்ட்ஸ் சாலைச் சுற்றில் நடைபெற்ற அல்ஸ்டர் டூரிஸ்ட் டிராபி போட்டியில், வண்டிகளின் ஆற்றலுக்கேற்பச் சலுகை வழங்கும் முறையில் ஓட்டம் அமைந்தது. 7 லிட்டர் மெர்சிடிஸ் காரைச் செலுத்திய ருடால்ஃப் கராச்சியோலா முதலிடம் பெற்றார். மூன்றாம் இடத்தை எட்டியதோ ஆர்ச்சி ஃபிரேசர் நாஷ் ஓட்டிய முக்கால் லிட்டர் ஆஸ்டின்! அப்போட்டியின் பெயரால்தான் ‘அல்ஸ்டர்’ என்னும் இருவர் அமரும் பந்தய வகை வழங்கலாயிற்று. அடுத்த ஆண்டு, 1930இல், புரூக்லண்ட்ஸ் ஓடுகளத்தில் நடந்த 500 மைல் போட்டியில் ஆஸ்டின் செவன் ஒன்று மணிக்கு 80 மைலுக்கும் மேற்பட்ட சராசரி வேகத்தில் ஓடி வெற்றி பெற்றது.

இவ்வளவு புகழ் பெற்ற அல்ஸ்டர் வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தவை மிகச் சிலவே. ஆசைப்படுவோர் பலர், அசல் வண்டிகளோ மிகச் சில. ஆகவே பழைய ஆஸ்டின் செவன் குடும்பக் காரின் சட்டத்தை எடுத்துக்கொண்டு, அதன்மேல் அல்ஸ்டர் வடிவில் அலுமினிய உடலைப் பொருத்தி, முன்புறத்தைத் தாழ்த்தி, ஒரு மறுபடியை உருவாக்கும் வழக்கம் வேரூன்றிற்று.

இவ்வழக்கத்தை வெறும் விளையாட்டென்று தள்ளிவிட முடியாது. 1948இல் காலின் சாப்மன் என்னும் இளைஞர், பின்னாளில் தம் மனைவியான ஹேசலின் பெற்றோர் வீட்டுக் கொட்டகையில், பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்துத் தாமே ஒரு வண்டியைக் கட்டினார். அதுவே லோட்டஸ் கார்களின் தொடக்கம். நியூசிலாந்தின் புரூஸ் மெக்லாரன் சிறுவயதில் முதன்முதலாகப் போட்டியில் ஓட்டியதும் ஓர் ஆஸ்டின் செவன் அல்ஸ்டரே. இவ்விருவரும் நிறுவிய அணிகள் பின்னர் உலகச் சாம்பியன் பட்டங்களை வென்றன.

மறுபடியா, போலியா?

மறுபடி என்பதும் போலி என்பதும் ஒன்றாகா. ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்து, “இது பார்த்துச் செய்ததுதான்” என்று வெளிப்படையாய்க் கூறினால் அது மறுபடி. அதையே, “இதுவே அசல்” என்று கூறி விற்றால் அது போலி. இரும்பும் அலுமினியமும் இரண்டிலும் ஒன்றே. விற்பவரின் நாவில்தான் வேறுபாடு பிறக்கிறது.

எது அசல் என்னும் கேள்வி நீதிமன்றம் வரை சென்றதுண்டு. ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர்பெற்ற பென்ட்லி கார், 1929இலும் 1930இலும் பிரான்சு நாட்டின் லெ மான் 24 மணி நேரப் போட்டியில் வென்றது. 1932இல் புரூக்லண்ட்ஸ் களத்தில் நேர்ந்த விபத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார், வண்டியும் சிதைந்தது. அது மீண்டும் கட்டப்பட்டது. பல்லாண்டுகளுக்குப் பின் அதைப் பெருந்தொகைக்கு வாங்க உடன்பட்டவர்கள், “பாகங்கள் பலவும் மாறிவிட்ட பின்னர் இது அந்தப் பழைய வண்டியே அன்று” என்று மறுத்தனர். 1990இல் இலண்டன் உயர்நீதிமன்றம் விற்பவர் பக்கம் தீர்ப்பளித்தது. பாகங்கள் காலப்போக்கில் மாறினும், இடையறாத வரலாற்றுத் தொடர்ச்சி வண்டிக்கு இருந்தமையால், அது அந்தப் பெயருக்கு உரியதே என்பது தீர்ப்பின் சாரம்.

கொட்டகையில் கிடக்கும் அரைகுறை அல்ஸ்டர் மறுபடிக்கு இத்தகைய வரலாறு கிடையாது. அதன் சட்டம் 1929இல் செய்யப்பட்டதாயிருக்கலாம். எஞ்சின் 1934ஆம் ஆண்டினதாயிருக்கலாம். உடல் அண்மையில் வளைத்த தகடாயிருக்கலாம். அதனால் அது இழிவானதன்று. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட்டால், வாங்குபவர் தாம் எதை வாங்குகிறோம் என்பதை அறிந்தே வாங்குவார்.

ஏன் பாதியில் நிற்கிறது?

ஒரு காரைப் பிரிப்பதற்கு இரண்டு வார இறுதிகள் போதும். பிரிக்கும்போது ஒவ்வொரு மணி நேரமும் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிகிறது, உற்சாகமும் பெருகுகிறது. பூட்டும்போதோ நிலைமை தலைகீழாகிறது. ஒரு சிறு பித்தளைக் குழாய்க்காக ஒரு மாதம் காத்திருக்க நேரும். அது வந்தபின் பொருத்திப் பார்த்தால், மற்றொரு பாகம் இடிக்கும். அதைத் திருத்தினால் மூன்றாவது ஒன்று தடைபடும்.

மேலும், மறுபடி கட்டுவோர் பெரும்பாலும் எஞ்சினையும் சட்டத்தையும் முதலில் முடித்துவிடுகின்றனர்; அவை பழைய பாகங்கள், அளவுகள் தெரிந்தவை. எஞ்சியிருப்பது உடல். ஆஷ் மரச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகட்டை வளைத்துப் போர்த்துவது கைவந்த கொல்லருக்கே சவாலான வேலை. மின்கம்பிகள், இருக்கை, கண்ணாடி, கதவின் இடைவெளி ஆகிய சிறு வேலைகள் முடிவே இல்லாதனபோல் நீளுகின்றன. “பத்தில் ஒன்பது பங்கு முடிந்தது” என்று விளம்பரத்தில் படிக்கும்போது, மீதமுள்ள ஒரு பங்கிலேயே பாதி உழைப்பு அடங்கியிருக்கிறது என்று பட்டறிந்தோர் புன்னகை புரிவர்.

இதற்கிடையே வாழ்க்கை காத்திருப்பதில்லை. குழந்தை பிறக்கிறது, வேலை மாறுகிறது, பெற்றோர் நோயுறுகின்றனர், முதுகு வலிக்கத் தொடங்குகிறது. கொட்டகைக் கதவு வாரத்திற்கொரு முறை திறந்தது, மாதத்திற்கொரு முறையாகி, பின்னர் ஆண்டுக்கொரு முறையாகிறது. பளபளத்த எஃகில் துரு படிகிறது.

விற்பதா, வைத்திருப்பதா?

இந்நிலையில் உரிமையாளர் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, எப்படியேனும் முடிப்பது. இரண்டாவது, உள்ளபடியே ஒருவருக்கு விற்பது. மூன்றாவது, எஞ்சின் ஒருவருக்கு, கியர் பெட்டி ஒருவருக்கு, சக்கரங்கள் ஒருவருக்கு என்று பிரித்து விற்பது. மூன்றாவது வழியில் பணம் கூடுதலாய்க் கிடைக்கலாம்; ஆனால் விலைபோகாத பாகங்கள் வீட்டிலேயே தங்கிவிடும். ஒன்றாய்ச் சேர்ந்திருந்த வண்டியும் என்றென்றைக்கும் சிதறிப்போகும்.

இங்கே கசப்பான உண்மை ஒன்றையும் கூறியாக வேண்டும். முடிவுறாத வண்டி, அதற்காகச் செலவிட்ட தொகைக்கு விலைபோவது அரிது. உழைத்த மணி நேரங்களுக்கோ ஒரு காசும் கிடைப்பதில்லை. இது வாங்குபவரின் கஞ்சத்தனம் அன்று. பிறர் செய்த வேலையின் தரம் அவருக்குத் தெரியாது. பூட்டியதை மறுபடியும் கழற்றிப் பார்த்தே அவர் நம்ப வேண்டும். எந்தப் பாகம் காணாமற்போயிற்று என்பது பாதி வேலைக்குப் பின்னரே தெரியவரும். அந்த ஐயத்தின் விலையைத்தான் அவர் கழித்துக்கொள்கிறார். ஆகவே, ஐயத்தைக் குறைத்தால் விலை கூடும் என்பது தெளிவு. நல்ல விற்பனையின் இரகசியம் முழுவதும் இதில் அடங்கும்.

நேர்மையாய் விற்பது எப்படி?

முதலாவதாக, பாகங்களை வகைப்படுத்த வேண்டும். முன் அச்சு, பின் அச்சு, எஞ்சின், மின்கம்பி என்று தனித்தனிப் பெட்டிகளில் இட்டு, சீட்டு ஒட்டி, படம் எடுத்து, பட்டியல் எழுத வேண்டும். இருப்பவற்றை எழுதுவதைக் காட்டிலும் இல்லாதவற்றை எழுதுவதே மேலானது. “மின்னாக்கி இல்லை, ரேடியேட்டர் ஒழுகுகிறது” என்று எழுதியவரின் மற்றச் சொற்களையும் வாங்குபவர் நம்புவார்.

இரண்டாவதாக, எஞ்சினின் உண்மை நிலையைக் கூற வேண்டும். ஆஸ்டின் செவன் எஞ்சினின் கிராங்க் தண்டு 1936 வரை இரண்டே தாங்கிகளின்மேல் நின்றது. வேகம் மிகும்போது அத்தண்டு வளையும், நாட்பட்டால் விரிசல் காணும், ஒருநாள் முறியும். அதற்கு எண்ணெய் செல்வதும், சிறு துளைகளின் வழியே பீய்ச்சி அடிக்கப்படுவதால்தான். எனவே தண்டு விரிசல் சோதனைக்கு உட்பட்டதா, பழையதா, புதிதாய்ச் செய்ததா என்பது உயிர் காக்கும் செய்தியாகும். பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. அதையும் மறைத்தல் ஆகாது.

மூன்றாவதாக, ஆவணங்கள். பிரித்தானியாவில் வண்டியின் பதிவுச் சான்றுக்கு வி5சி என்று பெயர். அது வண்டியை வைத்திருப்பவரின் பெயரைக் காட்டுமேயன்றி உரிமையை மெய்ப்பிக்காது. இச்செய்தி அச்சான்றிலேயே அச்சிடப்பட்டுள்ளது. ஆகவே, சட்டம் வாங்கிய இரசீது, எஞ்சின் வாங்கிய இரசீது, பழைய கடிதங்கள் எல்லாம் வண்டியோடு செல்ல வேண்டும். வண்டியின் வயதோ அடையாளமோ ஐயத்திற்குரியதாயின், ‘கியூ’ என்னும் எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணே வழங்கப்படும். அது பழங்கார் அன்பர்கள் விரும்பாத ஒன்று. ஒரு வண்டியின் பதிவெண்ணை மற்றொரு வண்டியின் சட்டத்திற்கு ஏற்றிச் சொல்வதோ மோசடியே அன்றி வேறன்று.

நான்காவதாக, சொல். ‘விண்டேஜ்’ என்னும் சொல்லை நாம் பொதுவாகப் பழமை என்னும் பொருளில் வழங்குகிறோம். 1934இல் தோன்றிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் கணக்கிலோ 1930ஆம் ஆண்டு முடிவதற்குள் செய்யப்பட்டதே விண்டேஜ். ஆகையால் 1934ஆம் ஆண்டு எஞ்சினைப் பூட்டிய வண்டியை அப்பெயரால் மொட்டையாய் விளம்பரம் செய்தல் தகாது. தனியாட்களுக்கு இடையே நடைபெறும் விற்பனையிலும், கூறிய விவரத்திற்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் பிரித்தானியப் பொருள் விற்பனைச் சட்டம் வகுத்திருக்கிறது. “உள்ளபடியே விற்கிறேன்” என்று கூறிவிட்டு, மறுபடியை அசலென்று கொடுத்தவருக்கு அச்சொல் அடைக்கலம் தாராது.

வாங்குவோர் கவனத்திற்கு

வாங்குபவருக்கும் கடமை உண்டு. முடிவுறாத வண்டியை வாங்குபவர், விற்றவரைத் தடுத்த அதே மலையின் அடிவாரத்தில் நிற்கிறார். தமக்கு இடமும், நேரமும், கைத்திறனும், வீட்டாரின் இசைவும் உண்டா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். விலை குறைவென்னும் ஒரே காரணத்திற்காக வாங்கியவர், சில ஆண்டுகளில் அதே மூன்று வரி விளம்பரத்தைத் தாமே எழுத நேரும். கையில் பணத்தோடு சென்று, விற்பவரின் துன்பத்தைக் கண்டு விலையை அடிமட்டத்திற்கு இறக்குவதும் அழகன்று. நோயாளியிடமும் கைம்பெண்ணிடமும் பேரம் பேசுவதில் ஓர் எல்லை உண்டு.

குடும்பத்தார்க்கு ஒரு சொல்

இவ்விளம்பரங்களுள் நெஞ்சை உருக்குபவை, கட்டியவர் எழுதியவை அல்ல. அவர் மறைந்தபின் அவருடைய மனைவி எழுதியவை. கணவர் இருபது ஆண்டுகள் வைத்துப் பழகிய கொட்டகையில், சீட்டு ஒட்டாத நாற்பது பெட்டிகள். எது காரின் பாகம், எது பழைய இரும்பு என்று அவருக்குத் தெரியாது. முதலில் வருபவர் சொல்வதே விலை. அரிய மேக்னெட்டோ ஒன்று இரும்புக் கடைக்குப் போவதும், பயனற்ற துண்டொன்று பத்திரமாய்த் துடைத்து வைக்கப்படுவதும் இவ்வாறுதான். இறந்தவர் மனைவிக்கு ஒரு சொத்தை விட்டுச் செல்வதாக எண்ணியிருப்பார். உண்மையில் ஒரு சுமையை விட்டுச் சென்றார்.

ஆகையால், இத்தகைய பணியில் ஈடுபட்டோர் யாவரும், உடலும் உள்ளமும் நன்றாய் இருக்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு செய்திகளை எழுதிவைத்தல் நலம்: என்னென்ன இருக்கின்றன, ஏறத்தாழ என்ன பெறும், ஆவணங்கள் எங்கே உள்ளன, விற்க நேர்ந்தால் யாரை நம்பிக் கலந்தாலோசிக்கலாம். ஒரு மாலைப்பொழுதில் எழுதி முடிக்கக்கூடிய இந்நான்கு பக்கங்கள், ஒரு பெண்மணியின் பல மாதக் கண்ணீரைத் தடுக்கும். காருக்கு மட்டுமன்று, தையற்கூடம், அச்சகம், புத்தகச் சேகரிப்பு, பாதியில் நிற்கும் வீடு ஆகிய எதற்கும் இது பொருந்தும்.

குடும்பத்தாருக்கும் ஒன்று கூறுவோம். “எப்போது முடிப்பீர்கள்?” என்று நாள்தோறும் கேட்பது எளிது. “முடிக்க விருப்பமா, கைமாற்ற விருப்பமா? எதுவாயினும் நாங்கள் துணை நிற்கிறோம்” என்று கேட்பதே அன்பு. பலர் விற்காமல் இருப்பது ஆசையினால் அன்று. தோற்றுவிட்டதாக வீட்டார் எண்ணுவரோ என்னும் நாணத்தினால்தான்.

பாதியில் நின்ற வண்டியை உரிய காலத்தில் கைமாற்றுவது தோல்வியாகாது. பெட்டிகளில் துருவேறிக் கிடக்கும் பாகங்கள் எவருக்கும் பயன்படுவதில்லை. கற்க விரும்பும் ஓர் இளைஞரிடம் அவை சென்றால், முன்னவர் வளைத்த தகடும், தேய்த்துப் பொருத்திய தாங்கியும் ஒருநாள் சாலையில் ஓடும். லாங்பிரிட்ஜில் ஆஸ்டின் செவன் உற்பத்தி நின்று எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் அவ்வண்டிகள் ஓடுகின்றனவென்றால், ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடங்கியதே காரணம். தொடங்கியவர் பெயரையும் அந்த நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதி, வண்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். அது விலையில் சேராது; ஆயினும் வாங்குபவர் பத்திரமாய் வைத்திருக்கும் பொருளாய் அதுவே அமையும்.